புகைக்கு அப்பால் நான் கண்டது

அன்பு மகனுக்கு,

வரும் சனிக்கிழமை ஜெனியைக் காட்டுக்குக் கூட்டிப் போகப்போகிறாய் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். "அம்மா இருந்த இடத்தில இனி அவள்தான். அம்மாவுக்கு ரிட்டயர்மென்ற்" என்று சிரித்தாய். பின்னால் ஜெனியின் சிரிப்பும் கேட்டது. நானும் சிரித்தேன். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, சோற்றுப் பானையின் மூடியைக் கையில் பிடித்தபடி அடுப்பின் முன்னால் அப்படியே நின்றேன். சோறு அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் எனக்கு உணர்வு வந்தது. உனக்கு இதை வாயால் சொல்ல என்னால் ஏலாது. நீ ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்து எனக்கு முன்னால் இருந்தாலும் ஏலாது. உன் முகம் மாறத் தொடங்கினால் நான் உடனே சமாதானம் சொல்லிவிடுவேன். எழுதினால் உன் முகம் தெரியாது. அதனால் எழுதுகிறேன். கடைசி வரை வாசி, இடையில் எனக்கு அழைக்காதே.

ஒக்டோபரில் நீ சுட்ட அந்த மானுக்கு வெடி பட்டது. நீ தவறவிடவில்லை. பட்டதை நான் கண்டேன். கண்டுகொண்டுதான் படவில்லை என்று சொன்னேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்து வந்திருக்கிறேன். இனித் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்வேன். ஏனென்றால் உனக்குத் தெரிந்தது என்று நீ நினைக்கிற பாதி, நான் உனக்குச் சொன்னது.

வேட்டைப் பரீட்சையில் நீ சித்தியடைந்தபோது எங்கள் சொந்தத்தில் யாருக்கும் அது என்னவென்றே புரியவில்லை. பிறகு நீ நவீன துவக்கை விட்டுவிட்டு, குழல் வாயால் வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய துவக்கின் பின்னால் போனாய். வேலையிடத்து நண்பன் டொமினிக்கின் சங்கத்தில் அதைச் சுடப் பழகினாய். அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்கட பக்கம் இதுக்கு இடியன் எண்டு பேர். உலகம் முழுக்க விட்டெறிஞ்ச துவக்கை இவன் தேடிப் பிடிச்சிருக்கிறான்" என்றார். நீ கோபிக்கவில்லை. ஒரே ஒரு குண்டுதான் என்பதால்தான் அது உனக்குப் பிடித்திருக்கிறது என்றாய். மறுபடி மருந்து போட ஒரு நிமிடமாவது ஆகும். அதனால் சுடுகிறவன் அவசரப்பட மாட்டான், கிட்டப் போவான், நிச்சயமில்லாமல் விசையைத் தொட மாட்டான் என்றாய். எனக்கு அந்தப் பேச்சு பிடித்தது. வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இடைவேளை நேரங்களில் நான் வாசிக்கிற புத்தகங்களில் வருகிற யாரோ ஒருவர் பேசுவதுபோல இருந்தது. நான் பெற்ற பிள்ளை இப்படி யோசிக்கிறானே என்று பெருமைப்பட்டேன். குண்டைச் சுற்றிப் போடத் தடித்த பருத்தித் துணி வேண்டும் என்று நீ கேட்டபோது, பழைய தலையணை உறையைத் துவைத்துக் காயவைத்து நான்தான் சின்னச் சின்ன வட்டங்களாக வெட்டித் தந்தேன்.

அந்தத் துவக்கால் ஜெர்மனியில் மான் சுடச் சட்டம் விடாது, எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சில், டொமினிக்கின் மாமாவின் காட்டில் சுடலாம் என்றாய். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்று நீ சொன்னபோது நான் துணைக்காக்கும் என்று நினைத்தேன். நீ பாண் சுற்றி வந்த கடதாசியை மேசையில் விரித்து ஒரு மானைக் கீறினாய். "அம்மா, வெடி வைச்சவுடன எனக்கு முன்னால வெள்ளைப் புகைதான். ஒண்டும் தெரியாது. ஈரக் காத்தெண்டால் புகை கலையவும் மாட்டுது. நீங்கள் எனக்குப் பக்கவாட்டில இருந்து பார்க்க வேணும். முன்னங்காலைத் தூக்கிப் பாய்ஞ்சுதெண்டால் நெஞ்சு. முதுகைக் கூனிக்கொண்டு மெல்லப் போனால் வயிறு. எந்த இடத்தில நிண்டது, எந்த இடத்தால பத்தைக்குள்ள போனது, அதை மட்டும் மறந்துபோகாதேங்கோ." அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, "நல்ல ஆளைத்தான் பிடிச்சாய். கொம்மா ரெயில் நேரத்தையே பிழையா வாசிக்கிறவா" என்றார். நான் அவருடைய தோளில் கரண்டியால் தட்டினேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, மகனே. உன் கண்ணாக இருக்கும்படி நீ என்னைக் கேட்டிருந்தாய். அதற்கு முன் நீ என்னிடம் அப்படி எதையும் கேட்டதில்லை.

அந்த ஒக்டோபர்ச் சனிக்கிழமை பின்னேரம், காட்டு ஓரத்து மரப் பரணில் நீ வலப்பக்கம், நான் இடப்பக்கம். மழை விட்டிருந்தது. அந்த மான் வெளியே வந்தபோது நீ மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. சின்ன மான். இளம் கிடாய். இடப்பக்கக் கொம்பு கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஐம்பது அடி வைத்தால் போய்விடலாம். நீ நெடுநேரம் காத்திருந்தாய், அவசரப்படவே இல்லை. அதை நான் சாட்சியாகச் சொல்வேன். நீ விசையை இழுத்த அந்த நொடியில் மான் ஓர் அடி முன்னே வைத்தது. அவ்வளவுதான். ஓர் அடி.

புகை உனக்கு முன்னால் வெள்ளைச் சீலையாகத் தொங்கியது. எனக்கு ஓரத்தால் எல்லாம் தெரிந்தது. அது பாயவில்லை. முதுகைக் கூனியது. பின்னங்கால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன. வயிற்று வலி வந்த பிள்ளை நடப்பதுபோல, தலையைத் தாழ்த்திக்கொண்டு, இடப்பக்கமாய் நின்ற ஊசியிலை மரங்களுக்குள் நடந்து போனது. நீ கடதாசியில் கீறிக் காட்டியதுபோலவே.

"பட்டதோ அம்மா?"

"இல்லையடா. படேல்லை. அது சுகமாய் ஓடீற்றுது."

"எங்க நிண்டது? சரியாச் சொல்லுங்கோ."

"அந்த வெள்ளை மரத்துக்குக் கிட்ட."

அது வெள்ளை மரத்துக்குக் கிட்ட நிற்கவில்லை. நான் உனக்கு இடத்தையும் பிழையாகச் சொன்னேன். நீ இறங்கிப் போய் முழந்தாளில் இருந்து, அது நிற்காத இடத்தில் ஒரு மயிராவது, ஒரு துளி இரத்தமாவது கிடக்கிறதா என்று கையால் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாய். நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தேடிய இடத்துக்கு இருபது அடி இடப்பக்கத்தில் அது நின்ற இடம் இருந்தது. அப்போதும் நீ சரியாகத்தான் யோசித்தாய். "எண்டாலும் நாயைக் கூப்பிட வேணும் அம்மா. வெடி வைச்சால் பட்டது எண்டுதான் நினைச்சுத் தேட வேணும், அதுதான் முறை" என்றாய். மோப்ப நாயோடு வருகிற பெண்ணின் இலக்கம் உன் பையில் இருந்தது. நான் விடவில்லை.

"ஏன் ஆக்களைக் கரைச்சல்படுத்துறாய்? சனிக்கிழமை பின்னேரம் ஒரு மனுசியை நாயோட இழுத்தடிச்சு, பிறகு ஒண்டுமில்லையெண்டால் என்ன நினைப்பினம்? முதன்முதலா வந்த தமிழ்ப் பெடியன், சுடவும் தெரியாது எண்டு சொல்லமாட்டினமோ? நான் கண்ணால கண்டனான் தம்பி. அது சுகமாய்ப் போட்டுது."

நீ என்னை ஒரு முறை பார்த்தாய். பிறகு இலக்கத்தைப் பைக்குள் வைத்தாய். டொமினிக்கிடம் தவறிவிட்டது என்று நீ சொன்னபோது அவன் உன் முதுகில் தட்டி, "சுத்தமான தவறல் என்றால் நல்லதுதான்" என்றான். காரில் வரும்போது நீ இரண்டு தரம், "நல்ல காலம் அம்மா, அரைகுறையாப் படேல்லை" என்றாய். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? ஒரு மாதமாக யோசிக்கிறேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. அந்த வயதில் இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், யாருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்பது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற பெண்ணுக்கு, வீட்டுக்காரருக்கு, வைத்தியருக்கு, யாருக்கும். வலித்தால் வலிக்கவில்லை என்று சொல்வது. பிழை நடந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது. அதை நல்ல குணம் என்றுதான் நினைத்தேன். உனக்காகவும் அதையே செய்தேன். தொழிற்பயிற்சியின் கடைசிப் பரீட்சையில் நீ முதல் தரம் தவறினாய் அல்லவா? அந்தக் கிழமை கொலோனில் ஒரு விழா. வடைத் தட்டோடு நீ எனக்குப் பக்கத்தில் நிற்க, ஒரு அண்ணை வந்து, "தம்பி சோதினை பாஸ்தானே?" என்று கேட்டார். நான் உன்னை முந்திக்கொண்டு, "அவங்கள் சோதினைத் தெர்மீனை வேற நாளுக்கு மாத்திப்போட்டாங்கள் அண்ணை" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜெர்மன்காரன் தெர்மீன் மாத்தினவனோ? பிள்ளை, செத்தவன் எழும்பி வந்தான் எண்டு சொல்லு, நம்பிறன்" என்றார். நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா காப்பாற்றினாள் என்று நீ நினைத்ததாக நான் நினைத்தேன். உண்மையைச் சொல்ல நீ வாயெடுத்திருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. உனக்குப் பதிலாகப் பொய் சொல்லும்படி நீ என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

வெடி வைத்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போனேன். என்னால் முழந்தாளில் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. நான் ஏன் காட்டுக்குப் போனேன் என்றால், அது அங்கே இல்லை என்று பார்த்துவிட்டு வருவதற்கு. பிரான்ஸ் பக்கம் போகப் பயம், டொமினிக்கின் மாமா கண்டால் என்ன சொல்வது? அது நடந்து போன பக்கம் வடக்கு. வடக்கே போனால் எல்லை. அந்தக் காட்டில் எல்லை என்பது இலக்கம் வெட்டிய சில கற்கள்தான், வேலி இல்லை, மானுக்கு அது தெரியாது. அதனால் ஜெர்மன் பக்கத்து நடைபாதையால் போனேன். கற்களைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு சின்ன நீரோடை இருக்கிறது.

அது உயிரோடு இருந்தது.

மகனே, செத்துக் கிடந்திருந்தால் நான் அழுதுவிட்டு வந்திருப்பேன். அது ஓடைக் கரையில் படுத்துக்கொண்டு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. சனிக்கிழமை பின்னேரத்திலிருந்து திங்கட்கிழமை மதியம் வரை. அந்த நேரத்துக்குள் நான் இரண்டு தரம் சமைத்திருக்கிறேன், உடுப்புத் துவைத்திருக்கிறேன், உன்னோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன். இடப்பக்கக் கொம்பு வளைந்திருந்தது, வேறு மானாக இருக்கும் என்று நினைக்க எனக்கு அது இடம் தரவில்லை. வாயில் ஒரு பிடி புல் இருந்தது, மெல்லவில்லை, அப்படியே வைத்திருந்தது. வயிற்றின் மயிர் கறுத்து ஒட்டியிருந்தது. அந்த மணத்தை நான் எழுத மாட்டேன். என்னைக் கண்டதும் முன்னங்கால்களை ஊன்றி எழும்பப் பார்த்தது. பின்பக்கம் எழும்பவில்லை. மறுபடி ஊன்றியது. நான் நின்றதால்தான் அது அந்தப் பாடு படுகிறது என்று விளங்கி, பின்னாலே நடந்து ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டு பொலிசுக்கு அழைத்தேன்.

அரை மணித்தியாலத்துக்குள், பொலிஸ் அறிவித்து, அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்தார். பல் வைத்தியர், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். நோயாளியை நாற்காலியில் விட்டுவிட்டு வந்தாராம், வெள்ளைக் காற்சட்டைக்கு மேல் இறப்பர்ச் சப்பாத்து. என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். ஒரு வெடி. பிறகு அவர் கத்தியை எடுத்து வேலை செய்தார், நான் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், "இது என்ன?" என்று தனக்குத்தானே கேட்டார். பிறகு என்னிடம் வந்து உள்ளங்கையை விரித்தார். ஓர் ஈயக் குண்டு. உருண்டை, ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. மற்றப் பக்கத்தில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, கண்ணால் எண்ணலாம். நான் வெட்டித் தந்த தலையணை உறை.

"வெளியே போகாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. அதனால் இரத்தமும் பெரிதாக விழுந்திருக்காது, நாய் இல்லாமல் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது" என்றார். பிறகு கேட்டார், "இந்தப் பக்கம் இப்படியான துவக்கு வைத்திருக்கிற யாரையும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவர் என் தோளில் கை வைத்து நன்றி சொன்னார். மகனே, எனக்கு நன்றி சொன்னார். "அநேகமானவர்கள் கண்டும் காணாததுபோலப் போய்விடுவார்கள். நீங்கள் நின்றீர்கள்" என்றார். அவருடைய கையில் இரத்தம் இருந்ததால் கையின் பின்பக்கத்தால்தான் என்னைத் தொட்டார். வீட்டுக்கு வந்து நான் அந்த மேலங்கியைக் கழற்றாமல் குளியலறையில் இருந்தேன். அப்பா கதவைத் தட்டி, "என்னப்பா, உள்ளுக்குப் புத்தகம் வாசிக்கிறீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கும் பொய்.

அதோடு முடிந்திருந்தால் நான் ஒருவேளை இதை என்னோடு வைத்துக்கொண்டே செத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை பல் வைத்தியர் அழைத்தார். மானைக் கண்ட இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர முடியுமா என்று கேட்டார். கள்ளமாய்ச் சுட்ட ஆள் யார் என்று அநேகமாகத் தெரிந்துவிட்டது என்றார். ஓடைக்கு அடுத்த ஊரில் ஒரு கூரை வேலைக்காரர் இருக்கிறார். கலியாணங்களுக்கும் திருவிழாவுக்கும் பழைய துவக்கில் வெறும் மருந்து போட்டு வெடி வைக்கிறவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படியான துவக்கு அவரிடம்தான் உண்டு. பொலிஸ் வந்து வீட்டில் இருந்த இரண்டையும் எடுத்துப் போய்விட்டதாம். குண்டு போட்டுச் சுட்டதே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். "எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார் பல் வைத்தியர். பாண் கடையில் அந்தக் கூரை வேலைக்காரரோடு யாரும் கதைப்பதில்லையாம். அவருடைய மகளுக்கு வசந்தத்தில் கலியாணம், வெடி வைக்க இனி வேறு ஊர் ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஊரில் பகிடி பண்ணுகிறார்களாம்.

உனக்கும் ஜெனிக்கும் வசந்தத்தில்தான் கலியாணம். அதைக் கேட்டதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லி யாரும் நம்பாமல் இருக்கிற முகம் எப்படி இருக்கும் என்று, அகதி விசாரணை அறைகளைக் கண்ட எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அந்த முகத்தை நான் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

உன்னை வேட்டையை விடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அது உன் முடிவு. ஆனால் நீ அந்தத் துவக்கைப் பற்றிச் சொன்ன பெருமையெல்லாம், ஒரே குண்டு, கிட்டப் போவது, அவசரமில்லாமை, எல்லாமே பக்கத்தில் இருக்கிறவர் உண்மை சொன்னால்தான் நிற்கும். அந்தத் துவக்கு சுட்டவனின் கண்ணைக் கட்டிவிடுகிறது. அந்த நேரத்தில் நீ வெட்கப்பட்டுவிடுவாயோ என்று பயப்படுகிற ஒருவரைப் பக்கத்தில் இருத்தாதே. நான் உன் வெட்கத்தை நினைத்தேன், மானின் வலியை நினைக்கவில்லை. ஜெனி அப்படியில்லை என்று நினைக்கிறேன். நீ தாடி வைத்தபோது எல்லாருக்கும் முன்னால், "ஆட்டுக்கும் உமக்கும் இனி என்ன வித்தியாசம்?" என்று கேட்டவள். அவள் சொல்வதை நம்பலாம். ஆனால் அவளுக்கும் முதலில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போ. நான் செய்ததை மறைத்து அவளை அந்தப் பலகையில் இருத்தாதே. அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

இன்று காலை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "வா, நான் கார் ஓடுறன்" என்றார். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் பல்வலிக்காரரோடு முக்கால் மணித்தியாலம் இருந்தோம். அவர் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வந்தேன் என்று நினைத்துப் பேனையை நீட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஜெர்மன் இவ்வளவு மோசமாக இருபது வருடமாக இருந்ததில்லை. அவர் வாய்மூடியை இறக்கினார். "அப்படியென்றால் அன்று அந்த மானைத் தேடித்தான் வந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். எனக்கு முன்னாலேயே பொலிசுக்கு அழைத்து, கூரை வேலைக்காரர் இல்லை என்று சொன்னார். பிறகு என் பெயரையும் விலாசத்தையும் சொல்லச் சொன்னார், நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. சுட்டது யார் என்று அவர் கேட்டார். அதைச் சுட்டவரே தன் வாயால் சொல்வார் என்றேன். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை பல் வைத்தியர் தன் வைத்தியசாலையில் இருப்பார், இலக்கம் எழுதிய துண்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் அனுமதிப்பத்திரத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. டொமினிக் என்ன சொல்வான் என்றும் தெரியாது. நீ இனி என்னோடு கதைப்பாயா என்றும் தெரியாது. இந்த முறை உனக்குப் பதிலாக நான் எதுவும் சொல்லமாட்டேன்.

அம்மா